சர்க்கரைவள்ளியின் கொடிவழி

அரச குலங்களின் வரிசையைக் ‘கொடிவழி’ என்று சொல்வது தமிழ் மரபு. இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்புவதும் ஒரு கொடிவழியே. ஆயினும் அது முடியுடை வேந்தரின் கொடிவழி அன்று. வீட்டுக் கொல்லையில் இரண்டு பாத்தி இடம் கொடுத்தால் படர்ந்து விளைகின்ற சர்க்கரைவள்ளிக் கிழங்கின் கொடிவழி. பொங்கல் நாளில் கரும்போடும் மஞ்சளோடும் இதனையும் சேர்த்து வாங்குகிறோம். மற்ற நாட்களில் அவித்து மாலைச் சிற்றுண்டியாக உண்கிறோம். விலை மலிவான பொருள். ஆதலால் இதற்கும் ஒரு வரலாறு இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

‘இந்தப் பயிர் இந்த ஆண்டில் இந்த நாட்டுக்கு வந்தது’ என்று வரலாற்று நூல்கள் ஒரே வரியில் எழுதிவிட்டு மேலே போய்விடுகின்றன. நானும் வரலாறு கற்பித்த காலத்தில் அவ்வாறே சொல்லி வந்தவன்தான். ஆனால், பயிர் வருவது வேறு, பயிரிடும் முறை வருவது வேறு. கிழங்கு மட்டும் வந்து சேர்ந்த இடத்தில் அது மண்ணுக்குள்ளே அழுகிப் போயிற்று. அதனோடு அதை வளர்க்கும் கைப்பழக்கமும் வந்த இடத்தில் ஊர் பிழைத்தது. இந்த ஓர் உண்மையைச் சீனத்திலும் ஜப்பானிலும் நடந்த சில நிகழ்ச்சிகளைக் கொண்டு உங்களுக்கு விளக்க முயல்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். புறநானூற்றில் கபிலர், பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைக்கும் பொருள்கள் நான்கினை எண்ணுகிறார். அவற்றுள் வள்ளிக் கிழங்கும் ஒன்று. இதைப் படிக்கும் மாணவர் சிலர், சங்க காலத்திலேயே நம்மிடம் சர்க்கரைவள்ளி இருந்தது என்று கொள்வதுண்டு. அஃது அவ்வாறன்று. கபிலர் கண்ட வள்ளி, மரத்தைச் சுற்றி ஏறும் நம் நாட்டுக் காட்டுக் கொடி. சர்க்கரைவள்ளியோ அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியில் தோன்றியது. போர்ச்சுகீசியர் காலத்தில் கடல் கடந்து நம் கரைக்கு வந்த இந்தப் புதிய கிழங்கை நம் முன்னோர் சுவைத்துப் பார்த்தனர், இனித்தது. கொடியைப் பார்த்தனர், வள்ளியை நினைவூட்டியது. ஆகவே சர்க்கரைவள்ளி என்று பெயரிட்டுத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டனர். தென் மாவட்டங்களில் இதனைச் சீனிக்கிழங்கு என்பர். யாழ்ப்பாணத்தில் வற்றாளைக் கிழங்கு என்பர். அந்தச் சொல்லில் கரீபியத் தீவு மக்கள் இதற்கு வழங்கிய ‘பட்டாட்டா’ என்னும் பெயரின் சாயல் இன்றும் கேட்கிறது. உருளைக்கிழங்குக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் இந்தப் பட்டாட்டாவிலிருந்து பிறந்ததே. ஆயினும் இவ்விரண்டும் உறவு அல்ல. உருளைக்கிழங்கு கத்தரியின் குடும்பம். சர்க்கரைவள்ளி, தாளியும் வள்ளைக் கீரையும் சேர்ந்த குடும்பம்.

இவை இரண்டுக்கும் உள்ள மற்றொரு வேறுபாடு நம் வரலாற்றுக்கு மிகவும் இன்றியமையாதது. உருளைக்கிழங்கு என்பது மண்ணுக்குள் பருத்த தண்டு. சர்க்கரைவள்ளி என்பது பருத்த வேர். உருளையை நடுவதற்கு முளைக் கண் உள்ள கிழங்குத் துண்டு வேண்டும். சர்க்கரைவள்ளிக்கோ கொடியில் ஒரு சாண் நீளத்தை வெட்டி ஈர மண்ணில் ஊன்றினால் போதும். கணு ஒவ்வொன்றிலும் வேர் இறங்கும். அவற்றுள் சில பருத்துக் கிழங்காகும். கிழங்கை உண்டுவிட்டுக் கொடியை நடலாம். கொடியில் பாதியை அடுத்த வீட்டாருக்கும் கொடுக்கலாம். கொடுப்பவருக்குக் குறைவதில்லை. இத்தகைய பயிர் கைம்மாறிக் கைம்மாறிப் பரவுவது இயல்பே அன்றோ?

ஐரோப்பியர் பசிபிக் பெருங்கடலைக் காண்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அக்கடலின் தீவுகளில் வாழ்ந்த பாலினேசிய மக்கள் இதனை வளர்த்தனர். ‘குமரா’ என்பது நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இதற்கு வழங்கும் பெயர். தென்னமெரிக்க மலைநாட்டு மொழியிலும் இதனை ஒத்த பெயர் ஒன்று உண்டு. தீவு மக்களே படகேறிச் சென்று கொண்டு வந்தனர் என்று ஒரு சாராரும், கடலே விதையைச் சுமந்து சேர்த்தது என்று மற்றொரு சாராரும் வாதிட்டு வருகின்றனர். அவ்வழக்கு ஒரு புறம் இருக்கட்டும். நாம் பின்தொடரப் போகும் கொடி மற்றொன்று. அது ஸ்பானியரின் கப்பலேறி மெக்சிகோவிலிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு வந்தது. 1565 முதல் அக்கபுல்கோ துறைமுகத்துக்கும் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும் இடையே அவர்களுடைய கப்பல்கள் போய்வந்தன. மெக்சிகோ நாட்டவர் இதற்கு இட்ட பெயரே ‘காமோட்டே’ என்று பிலிப்பைன்ஸ் மக்களின் நாவில் இன்றும் வழங்குகிறது.

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் சீனத்துப் பூஜியன் மாநிலத்து வணிகர் பலர் வாணிகம் செய்தனர். அவர்களுள் ஒருவர் சென் ஜென்லுங். மேட்டு நிலத்திலும் மணற்பாங்கிலும் இக்கிழங்கு விளைவதை அவர் கண்டார். பூஜியன் மலையும் கடலும் நெருக்கிய நாடு. நெல் விளையும் நிலம் குறைவு. மழை தவறினால் பஞ்சம். 1593ஆம் ஆண்டில் அவர் கொடிகளை ஊருக்குக் கொண்டு வந்தார். ஸ்பானியர் இதனை வெளியே விடமாட்டார்கள் என்று அஞ்சி, கப்பல் கயிற்றோடு கொடியையும் சேர்த்துத் திரித்து மறைத்துக் கொண்டு வந்தார் என்று ஒரு கதை அங்கே வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் ஆகுக. அடுத்து நடந்ததுதான் முக்கியம். கொடியோடு வளர்க்கும் முறையையும் அவர் கற்று வந்திருந்தார். அவருடைய மகன் அதனை மாநில ஆளுநர் ஜின் சுவேசெங்கிடம் எழுத்து மூலம் தெரிவித்தார். முதலில் சிறு நிலத்தில் நட்டுப் பார்த்தனர், விளைந்தது. 1594இல் பஞ்சம் வந்தபோது, எல்லா ஊர்களிலும் நடும்படி ஆளுநர் ஆணையிட்டார். மக்கள் நன்றியோடு அவர் பெயரால் அதனை ‘ஜின் கிழங்கு’ என்றனர். சீனத்தில் இதற்குப் பொதுவாக வழங்கும் பெயர்களுள் ஒன்றுக்கு ‘அந்நிய நாட்டுக் கிழங்கு’ என்பது பொருள்.

பூஜியனுக்குக் கிழக்கே கடலில் சிதறிக் கிடப்பவை ரியூக்யூ தீவுகள். அவற்றுள் பெரியது ஓகினாவா. அக்காலத்தில் அது தனி அரசு. சீனப் பேரரசருக்குக் கப்பம் செலுத்தி வந்தது. 1605இல், கப்பக் கப்பலில் சென்று திரும்பிய ஒருவர் பூஜியனிலிருந்து இக்கொடியைக் கொண்டு வந்தார். வரலாறு அவரை ‘நொகுனி சோகன்’ என்று குறிக்கிறது. நொகுனி என்பது அவருடைய ஊர். சோகன் என்பது கப்பலில் அவர் வகித்த பொறுப்பு. ஊரும் பதவியும் நிலைத்தன. அவை தாமே பெயராயின. அவர் கிழங்கு வளர்ப்பதைக் கேள்வியுற்ற கிமா ஷின்ஜோ என்னும் அதிகாரி நேரில் சென்று, வளர்க்கும் முறையைக் கேட்டறிந்து, கொடி வாங்கி வந்து, தீவெங்கும் பரப்பினார். புயல் அடிக்கடி வீசும் அத்தீவுகளில் நின்ற கதிர் சாயும்; தரையோடு தரையாகப் படர்ந்த கொடியோ தப்பும்; விளைவும் காற்றுக்கு எட்டாமல் மண்ணுக்குள் இருக்கும். ஆதலின் சில ஆண்டுகளிலேயே அது தீவு மக்களின் அன்றாட உணவாயிற்று.

1609இல் ஜப்பானின் தெற்கு மூலையில் உள்ள சட்சுமா நாட்டின் படை ரியூக்யூவை வென்று தன் ஆட்சிக்குக் கீழ்ப்படுத்தியது. வென்றவரின் நாட்டில் தோற்றவரின் கிழங்கு வேரூன்றுவதற்கு அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1705ஆம் ஆண்டில் யாமகாவா துறைமுகத்தைச் சேர்ந்த மயேதா ரியெமோன் என்னும் கடலோடி, ரியூக்யூவிலிருந்து இதனைக் கொண்டு வந்து தம் ஊரில் வளர்த்தார். சட்சுமாவின் மண் எரிமலை உமிழ்ந்த சாம்பல் மண், நீரைத் தாங்கி நிற்காது, நெல்லுக்கு ஆகாது. ஆனால் இக்கிழங்குக்கோ பொலபொலவென்ற அம்மண்ணே ஏற்றதாயிற்று. ரியெமோனுக்கு அவ்வூரார் பின்னர் ஒரு கோயிலே எடுத்தனர்.

இங்கே பெயர்களைச் சற்றே கவனியுங்கள். சட்சுமாவில் இதற்குச் ‘சீனக் கிழங்கு’ என்று பெயர். ஜப்பானின் மற்றப் பகுதிகளில் ‘சட்சுமாக் கிழங்கு’ என்று பெயர். தனக்கு எவர் கொடுத்தாரோ அவர் பெயரால் ஒவ்வோர் ஊரும் இதனை அழைத்தது. பெயர்களைப் பின்னோக்கிப் படித்தால் கொடி வந்த வழி முழுவதும் தெரிந்துவிடும்.

கொடியை வளர்ப்பதில் அப்படி என்ன கைப்பழக்கம் வேண்டியிருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக் கொல்லையில் நான் செய்வதைச் சொன்னால், பின்னால் வரும் நிகழ்ச்சிகள் தெளிவாக விளங்கும்.

மண்ணை ஆழமாகக் கொத்திக் கட்டி உடைத்து, இரண்டடி இடைவெளியில் மேடான பார்கள் பிடிக்கிறேன். மண் இறுகியிருந்தால் வேர் பருக்க இடமின்றிக் கிழங்கு கோணலாகும். கொடியின் நுனிப்பகுதியில் 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, நடுவிலுள்ள இரண்டு மூன்று கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறும் நுனி வெளியே நிற்குமாறும், ஒரு சாணுக்கு ஒன்றாகப் பாரின்மேல் நடுகிறேன். முதற் சில நாட்கள் நீர் தவறக் கூடாது. எருவை அளவோடு இட வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் கொடி காடாக வளரும். கீழே தோண்டினால் நூல் நூலாக வேர்தான் இருக்கும். அடுப்புச் சாம்பல் இடுவது நல்லது. கிழங்கு பருக்க உதவும் சத்து அதில் இருக்கிறது. ஒரு திங்கள் கழித்துக் களை பறித்து மண் அணைக்க வேண்டும். படரும் கொடி போகும் இடமெல்லாம் வேரூன்றி அங்கங்கே சிறு கிழங்குகளாகச் சிதறாமல் இருக்க, அவ்வப்போது தூக்கித் திருப்பிவிட வேண்டும். பாரில் வெடிப்புத் தோன்றினால் உடனே மண்ணிட்டு மூட வேண்டும். ஏனெனில், கூன்வண்டு அந்த வெடிப்பின் வழியாகவே உள்ளே நுழைந்து கிழங்கைக் குடைகிறது. வண்டு குடைந்த கிழங்கு கசக்கும், ஆடும் உண்ணாது.

இவை யாவும் எளிய செயல்களே. ஆனால், முன்பின் பார்த்திராத ஒருவரிடம் ஒரு கூடைக் கிழங்கைக் கொடுத்து ‘வளர்த்துக்கொள்’ என்று சொன்னால், இவற்றுள் ஒன்றையேனும் அவர் தாமாக அறிவாரா? மேலும், நம் நாட்டில் கொடி ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும். ஜப்பானில் பனிக்காலத்தில் கொடி கருகிவிடும். ஆதலின் அங்கே கிழங்கைக் குளிர் படாமல் காத்து வைத்து, வசந்தத்தில் வெதுவெதுப்பான நாற்றங்காலில் புதைத்து, முளைக்கும் கொடிகளை வெட்டி நட வேண்டும். நாள் தவறினால், பருப்பதற்குள் மீண்டும் பனி வந்துவிடும்.

இனி ஜப்பானுக்குத் திரும்புவோம். சட்சுமா ஆட்சியாளர் இக்கிழங்கை வெளியே கொண்டு செல்வதைத் தடுத்திருந்தனர் என்பர். 1711இல் ஷிமோமி கிச்சிஜூரோ என்னும் உழவர், யாத்திரிகராக அந்நாட்டுக்கு வந்தார். அவர் உள்நாட்டுக் கடலில் உள்ள ஓமிஷிமா தீவினர். பெற்ற மக்களை இளமையிலேயே பறிகொடுத்து, அத்துயரால் புண்ணியத் தலங்களை நாடிப் புறப்பட்டவர். சட்சுமாவின் இஜூயின் ஊரில் ஒரு வீட்டில் தங்கியபோது கிழங்கைக் கண்டார். வளர்க்கும் முறையைக் கேட்டு அறிந்தார். வித்துக் கிழங்கு தரும்படி வேண்டினார். வீட்டுக்காரர் தயங்கினார்; பிறகு கொடுத்தார். சிலைக்குள் மறைத்து எல்லையைக் கடத்திக் கொண்டு சென்றதாகத் தீவு மக்கள் சொல்வர். தம் மக்களைக் காக்க இயலாத அந்தத் தந்தை, ஊரார் மக்களுக்காக அதனைத் தம் தீவில் நட்டு, எல்லோர்க்கும் கற்றுக் கொடுத்தார்.

இருபத்தோராண்டு கழித்து, 1732இல், மேற்கு ஜப்பானின் நெல்வயல்களில் தத்துப்பூச்சிகள் திரள் திரளாக இறங்கின. அந்தப் பஞ்சத்தில் பட்டினியால் மாண்டவர், தலைநகருக்கு அனுப்பப்பட்ட கணக்கின்படியே 12,000 பேருக்கு மேல். மிகவும் துன்புற்ற நாடுகளுள் ஒன்று மட்சுயாமா. அங்கே சாகுபெய் என்றோர் உழவர் இருந்தார். வீட்டில் ஒரு மூட்டை வாற்கோதுமை இருந்தது. ஆனால் அது விதை. அதனை உண்டால் தாம் பிழைக்கலாம். மறுபோகத்துக்கு விதைக்க ஏதுமிராது. அவர் அதைத் தொடவில்லை. அந்த மூட்டையில் தலை வைத்தபடியே உயிர் நீத்தார் என்று அந்நாட்டவர் இன்றும் போற்றுகின்றனர்.

ஓமிஷிமா தீவும் அதே மட்சுயாமா ஆட்சிக்கு உட்பட்டதே. அத்தீவிலோ அவ்வாண்டு பட்டினியால் இறந்தவர் இல்லை என்றும், மிஞ்சிய அரிசியை ஆட்சிக்கு அனுப்பும் அளவுக்கு அவர்கள் இருந்தனர் என்றும் தீவின் வரலாறு கூறுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தானியம் விளைவிப்பவனுக்கு உணவும் விதையும் ஒன்றே. பஞ்சத்தில் அவ்விரண்டும் ஒன்றோடொன்று போரிடும். சர்க்கரைவள்ளியிலோ, ஒதுக்கி வைத்த சில கிழங்குகளே பற்பல கொடிகளைத் தரும். அக்கொடிகளை வெட்டி நட்டால் மேலும் கொடிகள். விதைக்காக உயிரை விட வேண்டிய கொடுமை அங்கே இல்லை. சாகுபெய்யின் தியாகம் பெரிது. ஆயினும், அத்தகைய தியாகம் தேவைப்படாமலே செய்த கிச்சிஜூரோவின் தோட்ட வேலையும் பெரிது என்றே நான் கருதுகிறேன். அத்தீவில் அவருக்காக ‘கிழங்கு ஜிசோ’ என்னும் சிலைகளை வைத்து மக்கள் வணங்குகின்றனர். ஜிசோ என்பது குழந்தைகளைக் காக்கும் போதிசத்துவர்.

அதே பஞ்ச காலத்தில் இவாமி வெள்ளிச் சுரங்கப் பகுதியை ஆள நியமிக்கப்பட்டிருந்தவர் இதோ ஹெய்சாயெமோன். அறுபது வயது கடந்த முதியவர். அரசின் களஞ்சியங்களைத் திறந்து மக்களுக்கு வழங்கினார்; வரியைத் தள்ளினார். சட்சுமாக் கிழங்கைப் பற்றி ஒரு துறவி வாயிலாகக் கேள்வியுற்று, அரும்பாடுபட்டு வித்துக் கிழங்கை வரவழைத்து ஊர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். ஆனால் நடந்தது என்ன? நடுவதற்குரிய பருவம் கடந்திருந்தது. முறை அறிந்தவரும் இல்லை. பெரும்பாலான ஊர்களில் அது பொய்த்தது. புகுமிட்சு என்னும் ஊரில் வாழ்ந்த முதிய உழவர் ஒருவர் மட்டும் அதனை விளைவித்துக் காட்டினார். அவருடைய பாத்தியில் விளைந்ததிலிருந்தே அப்பகுதி முழுவதும் கிழங்கு பரவியது. ஹெய்சாயெமோன் அந்தப் பரவலைக் காணவில்லை, 1733இல் மறைந்துவிட்டார். ‘கிழங்கு ஆட்சியர்’ என்று மக்கள் அவரை நினைவுகூர்ந்து நட்ட கற்கள் அந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவர் அதற்கு முற்றிலும் தகுதி உடையவரே. ஆனால் ஆட்சியாளரின் நல்லெண்ணமும் அரசின் பணமும் வாங்கித் தந்த கிழங்கு, ஓர் உழவரின் கைப்பழக்கத்தால்தான் பயிராயிற்று என்பதையும் நாம் மறக்கலாகாது.

இந்தப் பாடத்தை நன்கு உணர்ந்தவராக எனக்குத் தோன்றுபவர் அயோகி கோன்யோ. எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், மீன் வணிகர் ஒருவரின் மகனாக 1698இல் பிறந்தார். வணிகத்தை விட்டுக் கல்வியை நாடினார். சீன நூல்களைக் கற்றுத் தேர்ந்தார். அந்நூல்களில் இக்கிழங்கைப் பற்றிப் படித்து, பஞ்சத்துக்கு இதுவே மருந்து என்று துணிந்து, 1735இல் ஒரு சிறு நூல் எழுதினார். நாட்டை ஆண்ட தோக்குகாவா யோஷிமுனே அதனை ஏற்று, சோதனைப் பயிர் செய்யும்படி பணித்தார். எடோ நகரின் கொயிஷிகாவா மூலிகைத் தோட்டத்திலும், அருகிலிருந்த மக்குஹாரி முதலிய ஊர்களிலும் அவர் கிழங்கு நட்டார். இவை அவ்வளவும் சிறு தோட்டங்களே. சட்சுமாவின் வெயிலில் பழகிய கிழங்கை எடோவின் குளிரில் எப்போது முளைக்க வைப்பது, எப்போது நடுவது, குளிர்காலத்தில் எவ்வாறு காப்பது என்பவற்றை அத்தோட்டங்களில்தான் கண்டறிய வேண்டியிருந்தது.

கோன்யோ செய்த அரிய செயல் மற்றொன்றும் உண்டு. அவருடைய முதல் நூல் கற்றோர்க்கு உரிய சீன மொழி நடையில் அமைந்தது. பின்னர், கிழங்கின் பயனையும் வளர்க்கும் முறையையும் உழவருக்கு விளங்கும் எளிய நடையில் எழுதி, வித்துக் கிழங்கோடு அக்குறிப்பும் ஊர்களுக்குச் செல்லுமாறு செய்தார். கிழங்கும் அறிவும் ஒரே கூடையில் சென்றன. 1780களில் கடும் பஞ்சம் வந்தபோது எடோவைச் சூழ்ந்த பகுதிகளில் பலர் இக்கிழங்கால் உயிர் தப்பினர். குளிர் மிகுதியால் கொடி எட்டாத வடகிழக்கு நாடுகளிலோ சாவு பெருவாரியாக நிகழ்ந்தது. கோன்யோ 1769இல் மறைந்தார். மெகுரோவில் உள்ள அவருடைய கல்லறையில் ‘கிழங்கு ஆசான்’ என்னும் பொருளுடைய சொற்களே பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் டச்சு மொழியும் கற்று ஜப்பானில் மேலைக் கல்விக்கு வழி திறந்த அப்பேரறிஞருக்கு, அந்தப் பட்டமே போதுமானதாக இருந்தது!

இவ்வளவு சொன்னதனால் சர்க்கரைவள்ளி எல்லா நோய்க்கும் மருந்து என்று எண்ணிவிட வேண்டா. பசியை ஆற்றும் மாவும் இனிப்பும் அதில் நிறைய உண்டு, புரதம் குறைவு. அதனையே நம்பி வாழ்வது நல்வாழ்வு ஆகாது. விளைந்த நெல் வரியாகப் போக, விளைவித்தவர் கிழங்கை உண்ட காலமும் ஜப்பானில் இருந்தது. பயிர் ஒன்று பஞ்சத்தைத் தணிக்கலாம். பஞ்சத்தை உண்டாக்கும் ஆட்சியை அதனால் திருத்த முடியாது. இரண்டாம் உலகப் போரின்போதும் அதற்குப் பின்னும் ஜப்பானில் உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. பள்ளி விளையாட்டுத் திடல்களைக் கொத்திக் கிழங்கு நட்டனர். 1946இல் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னிருந்த நிலத்திலும் சர்க்கரைவள்ளி வளர்ந்தது. அக்காலத்தில் பிள்ளைகளாக இருந்தோர் பலர், முதுமையிலும் இக்கிழங்கைத் தொட மறுத்தனராம். பசியின் நினைவு அச்சுவையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘ஏழையின் உணவு’ என்று ஒரு பொருளை நாம் இகழும்போது, உண்மையில் நாம் மறக்க விரும்புவது அந்த உணவை அன்று. அதனை உண்ண நேர்ந்த காலத்தை.

இனி அறுவடைக்கு வருவோம். நட்ட 90 முதல் 120 நாட்களில், வகைக்கு ஏற்ப, கிழங்கு முற்றும். இலைகள் மஞ்சளாகத் தொடங்குவது ஓர் அறிகுறி. ஒரு கிழங்கை எடுத்து நறுக்கிப் பாருங்கள். வெட்டுவாயில் ஊறும் பால் வெண்மையாகவே உலர்ந்தால் முற்றிவிட்டது. கரும்பச்சையாக மாறினால் இன்னும் பொறுத்திருக்க வேண்டும். அறுவடைக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக லேசாக நீர் விட்டால் மண் இளகும். முதலில் கொடியை அறுத்துச் சுருட்டி வைத்துவிட்டு, பாரின் ஓரத்திலிருந்து மண்வெட்டியை இறக்க வேண்டும். நேர் மேலே வெட்டினால் கிழங்கில் காயம் படும். காயம்பட்ட கிழங்கு விரைவில் அழுகும். எடுத்த கிழங்கை உடனே கழுவக் கூடாது. வெதுவெதுப்பும் ஈரக்கசிவும் உள்ள நிழலில் நான்கு முதல் ஏழு நாள் பரப்பி வைத்தால், சிராய்ப்புகளின்மேல் புதுத்தோல் படியும். மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிக் கிழங்கு மேலும் இனிக்கும். அன்றே தோண்டி அன்றே அவித்த கிழங்கு சப்பென்றிருப்பதன் காரணம் இதுவே. குளிர்ப்பெட்டியில் வைத்தால் கெடும். 13 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரை அது தாங்காது. அடுத்த முறை அதே பாத்தியில் மீண்டும் இதனையே நடாமல் அவரையோ கீரையோ போட்டால் கூன்வண்டு பெருகாது.

இக்கொடியின் பயணம் இன்னும் முடிந்துவிடவில்லை. உட்புறம் ஆரஞ்சு நிறமுள்ள வகைகளில், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து மிகுதியாக உண்டு. அவ்வைட்டமின் குறைவால் கண்பார்வை இழக்கும் குழந்தைகளுக்காக இவ்வகைகளை ஆப்பிரிக்க நாடுகளில் வளர்த்துப் பரப்பிய அறிஞர்களான மரியா ஆந்திராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகிய மூவருக்கு, ஹாவர்த் பூயிஸ் என்பாரோடு சேர்த்து, 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அளிக்கப்பட்டது. அங்கும் வெறும் கொடியைக் கொடுத்ததோடு நிற்கவில்லை; வளர்ப்பது எப்படி, குழந்தைக்குச் சமைத்து ஊட்டுவது எப்படி என்று தாய்மாருக்குக் கற்பித்தனர். நம் நாட்டிலும் 1963இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்ற மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், ஆரஞ்சு நிறத்தில் ‘பூ சோனா’, ஊதா நிறத்தில் ‘பூ கிருஷ்ணா’ முதலிய வகைகளை உருவாக்கியுள்ளது.

மாணவ நண்பர்களே, வரலாற்றைக் கற்க நூலகம் வேண்டும், ஐயமில்லை. ஆனால் நான் சொன்ன செய்திகளில் ஒரு பகுதியை நூலகம் உங்களுக்குத் தராது. பார் எவ்வளவு உயரம் பிடிப்பது, கொடியை எப்போது திருப்புவது, பால் உலரும் நிறத்தை எவ்வாறு பார்ப்பது என்பவற்றை உங்கள் ஊரில் யாரேனும் ஒரு பாட்டியோ பெரியவரோ அறிந்திருப்பார். புகுமிட்சு ஊரின் முதிய உழவரைப் போன்றவர்கள் அவர்கள். அவர்கள் அறிந்தது எழுத்தில் ஏறாமலே மறையக் கூடும். அவர்களிடம் சென்று கேளுங்கள். கேட்டதைக் குறித்து வையுங்கள். வீட்டுக் கொல்லையிலோ பள்ளித் தோட்டத்திலோ ஒரு பாத்தி நட்டுப் பாருங்கள். மூன்று நான்கு மாதங்களில் கிழங்கு கிடைக்கும். தோண்டும் நாளில், சுருட்டி வைத்த கொடியைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். நல்லதாகப் பார்த்து நான்கைந்து கொடிகளை நறுக்கி அடுத்த வீட்டாரிடம் கொடுத்து, நடும் முறையையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.